தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். ராயபுரத்தில் எங்கள் தெருவில் அப்போது குடியிருந்த எல்லாருக்கும் தெரியும். போய்க் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வம்புக்கு அலைகிற தெரு அது. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூட மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள். அவர்கள் கட்டிக் காத்த ஒரே ரகசியம் இதுதான்.

எங்களுக்கு அவள் அக்கா. வீட்டுக்கார ஆன்ட்டிக்கு அவள் 'மாடி'. ஆன்ட்டி குடித்தனக்காரர்களை இருக்கிற இடத்தை வைத்தே கூப்பிடுவாள்: முன்வீடு, பின்வீடு, மாடி. "ஏ மாடி, தண்ணி லாரி வந்துச்சி பாரு" என்று கத்தினால், மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையிலிருந்து பிளாஸ்டிக் குடங்களோடு அவள் இறங்கி வருவாள். கூடவே இறால் வாடையும் வரும். காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. விடியும் முன்பே போய், மத்தியானத்துக்கு மேல் திரும்புவாள். ஐஸ் தண்ணீரிலேயே ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். அந்தக் கையோடு சாயங்காலம் எங்களோடு ஓட வந்துவிடுவாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நைட்டியைத் தூக்கி இடுப்பில் செருகி, துண்டைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போட்டு, செருப்பைக் கழற்றி எல்லைக்கு வைத்துவிட்டு, யார் பிடிக்கிறது என்று பார்க்க "சாட் பூட் த்ரீ போடு" என்று கையை நீட்டுவாள்.

தெரு சிரித்தது. கழுதை வயசாகிறது, பசங்களோடு ஓடுகிறாள் என்று பேசினார்கள். என் அம்மா நேரிலேயே கேட்டாள். அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"நான் வயசுக்கு வந்த அன்னிக்கு லாக் அண்ட் கீ ஆடிகினு இருந்தன்க்கா. பாதி ஆட்டத்துல இஸ்துகினு போயி உள்ள குந்த வெச்சாங்க. அந்த ஆட்டம் இன்னும் முடியல" என்றாள்.

எங்கள் தெரு, துறைமுகத்துக்குப் போகிற சாலையில் வந்து முட்டும். அந்த முனையில்தான் கொஞ்சம் அகலம். ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்கின் சுவர், எதிரே டீக்கடை, நடுவில் விளக்குக் கம்பம். நாங்கள் ஆடுவது அங்கேதான். கன்டெய்னர் லாரிகள் துறைமுகக் கேட்டுக்குள் நுழைய வரிசையில் நிற்கும். சில நாள் வரிசை எங்கள் முனையையும் தாண்டிப் போகும். நகராத நாட்களில் டிரைவர்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டே எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அவள் ஆட வரும்போதெல்லாம் முதலில் அந்த லாரிகளை ஒரு பார்வை பார்ப்பாள். ஒவ்வொரு கேபினையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எல்லைக்குள் கால் வைப்பாள். பசங்கள் யாராவது ஒளிய லாரிக்கு அடியில் நுழைந்துவிடப் போகிறார்கள் என்று கவலைப்படுகிறாள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். அதில் அவள் கறார்தான். "வண்டிக்கு அடியில பூந்தா ஆட்டமே கேன்சலு" என்பாள்.

இப்போது எங்கள் தெருவின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். வேறு தெருக்களில் தொட்டால் அவுட்டு. எங்கள் தெருவில் தொட்டால் மட்டும் போதாது, தொடும்போதே பெயரையும் சொல்ல வேண்டும். பெயர் தப்பானால் தொட்டது கணக்கில் வராது, தொட்டவரே மறுபடி பிடிக்க வேண்டும். இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் இரட்டையர்கள், சேவியரும் செபாஸ்டினும். ஒருவனைத் தொட்டால் "என்ன எங்க தொட்ட, அவனத்தான் தொட்ட" என்று சாதிப்பான். மற்றவனும் அதையே சொல்லுவான். மாதா மேல் சத்தியம் வேறு. சேவியருக்குப் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. முகத்தைப் பார்த்து, தழும்பைப் பார்த்து, பெயரைச் சொல்லித் தொட்டால்தான் தப்பிக்க வழியில்லை. அந்த இரண்டு பேருக்காகப் போட்ட சட்டம் தெருவுக்கே சட்டமாகிவிட்டது.

அவள் குடிவந்த புதிதில் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் வேலையிலிருந்து திரும்பி எங்கள் நடுவே நடந்து போனபோது பஷீர் தெரியாமல் அவள் முதுகில் கையை வைத்துவிட்டான். வைத்த வேகத்தில் "அவுட்டு!" என்று கத்தியும்விட்டான். எல்லாரும் சிரித்தோம். அவள் டிபன் பையைக் கம்பத்தடியில் வைத்தாள்.

"இன்னா அவுட்டு? எம்பேரு இன்னா, சொல்லு."

பஷீர் திரும்பி எங்களைப் பார்த்தான்.

"பேரு தெரியாம தொட்டா கணக்குல வராது. உங்க சட்டம்தான? புடி பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தவள்தான். அதற்குப் பிறகு அவளை யாராலும் அவுட்டு பண்ண முடியவில்லை.

வேகமாக ஓடுவாள் என்று நினைக்காதீர்கள். வேகமெல்லாம் இல்லை. மூச்சு வாங்கும், திரும்பும்போது தடுமாறுவாள். தினமும் நாலைந்து முறை யாராவது அவளைத் தொட்டுவிடுவோம். தொட்டதும் நின்று, இடுப்பில் கையை வைத்து, "பேரு?" என்பாள். 'அக்கா' என்றால் "எந்த அக்கா? தெருவுல அக்காவுக்கா பஞ்சம்?" என்பாள். நாங்கள் கத்துவோம். அவள் அதைவிடச் சத்தமாக "போங்கு! போங்காட்டம்! திருப்பி ஆடு!" என்பாள். ஏமாற்றி ஆடுவதில் இருப்பதிலேயே பெரிய போங்கு அவள்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். தெருவிலேயே நன்றாகப் பிடிக்கிறவள் நான். இரட்டையர்களையே தழும்பு பார்த்துப் பிடிப்பேன். இவள் ஒருத்தி மட்டும் கைக்குச் சிக்கியும் சிக்காமல் போனாள்.

பெயரைக் கண்டுபிடிக்க நாங்கள் படாத பாடு பட்டோம். வீட்டுக்கார ஆன்ட்டியிடம் கேட்டோம். "அவ சொல்லல, நான் கேக்கல, கம்னு கெட" என்றாள். மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் பின்னால் நின்று கும்பிட்டதைப் பார்த்துச் செபாஸ்டினுக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் அவளைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு, மன்றாட்டு மாலை சொல்வதுபோல "மேரி, தெரசா, லூர்து, ஃபாத்திமா, ரோஸ்லின், ஆரோக்கியம்" என்று மூச்சுவிடாமல் அடுக்கினான். இவன் முடிக்கட்டும் என்று பொறுமையாக நின்றுவிட்டு, "ஒரு தொடலுக்கு ஒரு பேருதான் நைனா. இது இன்னா, சாமான் லிஸ்டா?" என்றாள். அதில் அவள் பெயர் இருந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒருநாள் நான் சுத்தமாகப் பிடித்தேன். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே மடக்கி, இரண்டு கையாலும் தோளைப் பிடித்து, "மாடி!" என்று கத்தினேன். பசங்கள் குதித்தார்கள். வீட்டுக்கார ஆன்ட்டியே அப்படித்தானே கூப்பிடுகிறாள், அவளும் திரும்பிப் பார்க்கிறாளே, அது பெயர் இல்லாமல் என்ன? தெருவிளக்கு எரிகிற வரைக்கும் வழக்கு நடந்தது. டீக்கடைக்காரரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டோம். அவர் என் பக்கம்தான் சொன்னார். அவள் அசையவில்லை. "மாடி வூட்டு பேரு. நாளைக்கு நான் கீழ குடி வந்தா கீழ்னு கூப்புடுவியா?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகிறேன் என்று தெரிந்தும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. குழந்தைதானே, போகட்டும் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது கொன்றுவிடலாம்போல இருந்தது.

ஆட்டத்தில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் அவள் அப்படித்தான். இறால் ஷெட்டில் மேஸ்திரி ஏதோ கோபத்தில், "நாளைலேர்ந்து நீ வராத" என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் விடியலில் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள். "உன்ன வராதன்னேனே?" என்று அவர் கத்தியதற்கு, "சொன்னீங்க. வந்துட்டேன். இப்ப இன்னா?" என்று இன்னொரு இறாலை எடுத்தாளாம். அவர் எத்தனை நாள் கத்துவார்? தொண்டை காய்ந்து விட்டுவிட்டார். கூட வேலை செய்கிற பக்கத்துத் தெருப் பெண்தான் இதைச் சொன்னாள்.

வீட்டுக்கார ஆன்ட்டி ஒருமுறை வம்பு தாங்காமல், "புருசன்னு ஒருத்தன் இருந்தானா இல்லையா மாடி?" என்று கேட்டதற்கு அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "இருந்தான் ஆன்ட்டி. இப்ப ஆட்டத்துல இல்ல" என்றாள்.

என் அம்மாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "பேரு சொல்ல மாட்டாளாம், ஊரு சொல்ல மாட்டாளாம். நல்ல குடும்பத்துப் பொம்பளையா இருந்தா மறைக்க இன்னா கீது? நீ இனிமே அவ கூட ஆடாத" என்றாள். எனக்கு ரோஷமாகிவிட்டது. நேராக மாடிக்கு ஏறினேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் லாரி வரிசை முழுக்கத் தெரியும்.

"பேர சொல்லுக்கா. ஆட்டத்துல சொல்ல மாட்டேன், சத்தியமா. எங்கம்மா உன்ன தப்பா பேசுது" என்றேன்.

ஒரு நைட்டியை உதறிப் போட்டு கிளிப்பும் மாட்டிவிட்டுத்தான் பேசினாள்.

"எம்பேர சொல்லிகினே அடிப்பான் என் புருசன். ஒரு அடிக்கு ஒரு தபா. அடி கூட மறந்துடும். ஆனா அந்த பேர யாராவது கூப்டா காலு அப்படியே நட்டுக்கும். நகர வராது. அதான் பேர மாதவரத்துலயே வுட்டுட்டு வந்துட்டேன்." வரிசையைக் கையால் காட்டினாள். "லாரி ஓட்றான். இந்த லைன்ல என்னிக்காவது நிப்பான். அப்ப எவனாவது என் பேர சொன்னீங்கன்னா நான் மாட்டிகினேன். புரிதா?"

புரிந்தது. அவள் ஏன் கேபின் கேபினாகப் பார்க்கிறாள் என்பதும் புரிந்தது. பெயர் தேடுவதை அன்றோடு விட்டேன். பசங்களிடமும் சொன்னேன், ரகசியமாகத்தான். ஆனால் அவளைப் பிடிப்பதை விடவில்லை. அவளும் விடச் சொல்லவில்லை. அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு ஆடப் போனேன்.

அவன் வந்தான். மழைக்காலச் சாயங்காலம். வரிசை அடைத்துக்கொண்டு வெகுநேரமாக நகரவில்லை. மழை விட்ட ஈரத்தில் கேபின் கண்ணாடிகள் மங்கி, உள்ளே யார் என்று அவளுக்கும் தெரியவில்லை. லாக் அண்ட் கீ ஆடிக்கொண்டிருந்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிடிபட்டவர் 'லாக்' ஆகிச் சிலையாக நிற்க வேண்டும். பிடிபடாத யாராவது வந்து தொட்டு 'கீ' சொன்னால் மறுபடி ஓடலாம். அன்றைக்குப் பிடிக்கிறவள் நான். அவள் என்னிடம் தப்பிக்கச் சுவரோரம் பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தாள். பின்னால் லாரியிலிருந்து ஒருவன் இறங்கியதை அவள் கவனிக்கவில்லை. அவன் டீக்கடைக்குப் போகத் திரும்பியவன், நின்றான். இரண்டே எட்டில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பெயரைச் சொன்னான்.

சத்தமாகச் சொன்னான். டீக்கடை, கிடங்குச் சுவர், திறந்திருந்த ஜன்னல்கள், எல்லாவற்றிலும் விழுந்தது. நாங்கள் அத்தனை நாள் தேடிய பெயர். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அவள் நின்றுவிட்டாள். இடுப்பில் கை போகவில்லை. அவள் சொன்னது உண்மைதான், கால் நட்டுக்கொண்டது.

"நட வூட்டுக்கு. ஊரெல்லாம் உன்ன தேடிகினு கீறேன்" என்று அவன் மறுபடியும் பெயரைச் சொல்லி இழுத்தான். அவள் ஒரு அடி அவன் பக்கம் போனாள். தானாகப் போனாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"போங்கு!" என்று கத்தினேன். "நீ ஆட்டத்துலயே இல்ல! நீ தொட்டா கணக்குல வராது!"

ஓடிப்போய் அவள் முதுகில் ஓங்கி அடித்து, "கீ!" என்றேன். பிடிக்கிறவளே கீ கொடுக்கக் கூடாது, அது சுத்தப் போங்கு. யாரும் என்னைக் கேட்கவில்லை. சேவியர் ஓடிவந்து "கீ!" என்றான். செபாஸ்டின், பஷீர், சிலையாக நின்றவர்கள், நின்றுகொண்டிருக்க வேண்டியவர்கள், மூக்கொழுகிகள், எல்லாரும் வந்து விழுந்து அவள் கையில், தோளில், காலில் தொட்டுத் தொட்டுக் கத்தினார்கள். கீ! கீ! கீ! அவன் பிடித்த கையின்மேலும் தொட்டார்கள்.

அவள் தலையை ஒரு தரம் உதறினாள்.

"கைய வுடு" என்றாள். சின்னக் குரல்தான். அடுத்தது பெரிய குரல். "வுட்றா கைய! நீ யாரு? நீ ஆட்டத்துல இல்ல!"

அவன் இன்னொரு கையை ஓங்கினான். அதற்குள் முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. அவனுடைய லாரி ஆளில்லாமல் நிற்க, முன்னால் வெறும் சாலை. துறைமுக வரிசையில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்த டிரைவர்களுக்கு அதைவிட எரிச்சலான காட்சி கிடையாது. பின்னால் நின்ற அத்தனை லாரியும் ஒன்றாக ஹாரனை அழுத்தின. "எவன்டா அது பேமானி, வண்டிய எடுடா!" என்று ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் நீண்டன. தெருவில் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் கரண்டியோடு இறங்கினார். பக்கத்து வரிசையிலிருந்து ஒரு லாரி அவனுக்கு முன்னால் மூக்கை நுழைக்கப் பார்த்தது. அவன் அவளைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான்.

"நாளைக்கு வர்றேன்டி" என்று கையை விட்டுவிட்டு ஓடினான்.

வந்தான். மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்த நேரம், இந்தமுறை நடந்தே வந்தான். லாரிக் குழாயில் முதல் ஆளாக நின்றவள் என் அம்மா. அவளிடம் அந்தப் பெயரைச் சொல்லி, எந்த வீடு என்று கேட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா குடம் நிறைகிறவரை அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அந்த பேர்ல இந்த தெருவுல யாரும் இல்ல" என்றாள்.

"நேத்து நான் பாத்தேன்!"

"நீ பாத்தது மாடி. அது எங்க தெரு பொண்ணு. இன்னாங்கடி, அந்த பேர்ல யாராவது கீறாங்களா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள். இல்லை, கேள்விப்பட்டதே இல்லை என்று அத்தனை பேரும் சொன்னார்கள். வீட்டுக்கார ஆன்ட்டி மட்டும் ஒருபடி மேலே போய், துடைப்பத்தை எடுத்து வந்து அவன் காலடியில் பெருக்க ஆரம்பித்தாள். பிறகும் சில தடவை வந்து பார்த்தான். தெருவுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டான். அவள் நான் பள்ளி முடிக்கிற வருஷம் வரைக்கும் அதே மாடியில் இருந்தாள். அப்புறம் வேலை மாறி எண்ணூர்ப் பக்கம் போனாள். ஓடிப்போகவில்லை, பட்டப்பகலில் சாமானை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, எல்லார் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் அவன் தண்ணீர் வரிசைக்கு வந்துபோன அந்த முதல் நாள் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். வர மாட்டாள் என்றுதான் நினைத்தோம். ஐந்து மணிக்கு இறங்கி வந்தாள். மணிக்கட்டு கன்றிப் போயிருந்தது. நைட்டியைச் செருகி, துண்டை முடிச்சுப் போட்டு, செருப்பை எல்லைக்கு வைத்தாள். லாரிகளை அண்ணாந்து பார்க்கவில்லை.

சாட் பூட் த்ரீயில் மறுபடியும் நான்தான் மாட்டினேன். வேறு யாரையும் துரத்தவில்லை, அவளைத்தான் துரத்தினேன். அவள் உயிரைக் கொடுத்து ஓடினாள். கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது கால் வழுக்க, இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். சுத்தமான பிடி, சந்தேகமே கிடையாது. பசங்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லாருக்கும் பெயர் தெரியும். நான் சொன்னால் அவுட்டு. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக, "பேரு?" என்று கேட்கவில்லை.

நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "ஃபாத்திமா!"

அவள் கண் நிறைந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்தாள்.

"போங்கு" என்றாள். "திருப்பி ஆடு."

இருட்டுகிற வரைக்கும் நான்தான் பிடித்தேன்.